சத்தமே கேட்காத கணினிக்குக் குழுப் பெயரில் இடம் எப்படி வந்தது? (பழைய வீட்டுக் கணினிகளும் மின்னிசையும்)

1. மின்தாளம்

ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் இறக்கி வைக்கிறேன்.

1992-ல் பெர்லினில் அலெக் எம்பயர், ஹனின் எலியாஸ், கார்ல் கிராக் மூவரும் தொடங்கிய குழு அட்டாரி டீனேஜ் ரயட். பங்க் ஆவேசமும் நொறுங்கிய தாளமும் டெக்னோவும் ஒரே கூச்சலாக வந்து விழும். பெயரில் அட்டாரி வந்ததற்குக் காரணம், அவர்கள் பாட்டைக் கட்டியது அட்டாரி எஸ்டி கணினியில். ஆனால் எஸ்டி-க்குள் இருந்த ஒலிச் சிப் யமஹா ஒய்எம்2149. மூன்று சதுர அலை, கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான் அதன் சொத்து. அந்தக் குழுவின் பாட்டில் காதை அறைவது அந்தச் சிப் இல்லை. வெளியே கேபிள் போட்டு இணைத்த சாம்ப்ளர் (பதிவு செய்த ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, வாசிக்கும் கருவி), டிரம் மெஷின், கிதார்.

இந்தப் பக்கம் கமடோர் 64. அதன் சத்தம் இரண்டு விநாடி கேட்டாலே தெரியும். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கி உலகம் முழுக்கத் தெரிந்த மின்னிசைக் குழு ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. (அமெரிக்காவின் கமடோர்ஸ் குழு 1968-லேயே வந்துவிட்டது. அகராதியைப் புரட்டிப் பிடித்த பெயர் அது. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

கேட்கும் கணினிக்குப் பெயர் இல்லை, கேட்காத கணினிக்குப் பெயர் இருக்கிறது. ஏன்? என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: இசையை உண்மையில் மாற்றியது கமடோர் 64-தான். எஸ்டி வெறும் எழுதுபலகை.

2. கூடத்துக்காரர்

தம்பி, அந்த "வெறும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 90-களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் எஸ்டி முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வேலை செய்தவன் நான்.

மின்னிசைக் கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொதுமொழியான மிடி 1983-ல் வந்தது. அதன் பிறகு எந்தக் கம்பெனி சிந்தசைசரையும் எந்தக் கணினியும் இயக்கலாம், ஆனால் நடுவில் ஒரு தனிப் பெட்டி வாங்கி மாட்டவேண்டும். 1985-ல் வந்த எஸ்டி-யில் மிடி இன், மிடி அவுட் இரண்டு துளையும் உடம்பிலேயே இருந்தன. கேபிளைச் செருகினால் வேலை ஆரம்பம். அதைவிடப் பெரிய விஷயம், அதன் இயங்குதளம் ரோம் சிப்பிலேயே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் பார்க்கும். பின்னணியில் எதுவும் குறுக்கே ஓடாது. அதனால் தாளம் பிசகாது. பிறகு வந்த எத்தனையோ வேகமான கணினிகளில் கிக் டிரம் ஒரு மயிரிழை முன்னே பின்னே போய் எங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. எஸ்டி-யில் அந்தத் தொல்லை வந்ததில்லை.

1989-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸ் என்ற இசை மென்பொருளை எஸ்டி-க்குத்தான் முதலில் வெளியிட்டார்கள். பாட்டின் பகுதிகள் இடமிருந்து வலமாகக் கட்டைகளாக நீளும் அந்தத் திரையை இன்று எல்லா மென்பொருளிலும் பார்க்கிறீர்கள். இன்னொரு பக்கம் சி-லேப் கிரியேட்டர், நோட்டேட்டர். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய லாஜிக். ஃபேட்பாய் ஸ்லிம் 1998-ல் உலகையே ஆட்டிய ஆல்பத்தை எஸ்டி-யிலும் கிரியேட்டரிலும்தான் கட்டினார். அப்போது அந்தக் கணினிக்கு 13 வயது.

நட்டுவனார் மேடையில் ஆடுவதில்லை. ஆட்டம் அவர் கைத்தாளத்தில் இருக்கிறது.

3. கருவிப்பித்தன்

கூடத்துக்காரர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எஸ்டி இல்லையென்றால் வேறு ஏதாவது ஒரு சீக்வென்சர் (சுரங்களை வரிசைப்படி வாசிக்க வைப்பது) அந்த வேலையைச் செய்திருக்கும். கமடோர் 64-க்குள் இருந்த சிட் என்ற ஒலிச் சிப் இல்லையென்றால் அந்தச் சத்தம் உலகத்திலேயே இருந்திருக்காது. வித்தியாசம் அங்கேதான்.

சிட் சிப்பை வடிவமைத்தவர் பாப் யான்ஸ், எம்ஓஎஸ் டெக்னாலஜி பொறியாளர். சிந்தசைசர் பைத்தியம். அன்றைய கணினி ஒலிச் சிப்புகளை இசை தெரியாதவர்கள் செய்திருக்கிறார்கள் என்பது அவர் மனக்குறை. அதனால் விளையாட்டுக்கு "டொய்ங்" என்று ஒலி எழுப்பும் சிப் கேட்ட இடத்தில் அவர் ஒரு முழுச் சிந்தசைசரையே செய்து கொடுத்தார். ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று குரல், ஒவ்வொன்றுக்கும் முக்கோணம், ரம்பப்பல், துடிப்பு, இரைச்சல் என நான்கு அலைவடிவம், ஒவ்வொரு சுரமும் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று தனித்தனியாக வகுக்கும் என்வலப், எல்லாவற்றுக்கும் மேல் ஒலியைப் பளிச்சென்றோ மங்கலாகவோ ஆக்கும் ஒரு அனலாக் ஃபில்டர். 1982-ல் இது வீட்டுக் கணினிக்குள்! அவரே பிறகு என்சோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மிராஜ் சாம்ப்ளரின் ஒலிச் சிப்பும் அவருடையதுதான்.

இதில் ஒரு அழகான கோணல் உண்டு. முதல் வகைச் சிப்பான 6581-ல் ஃபில்டர் ஒவ்வொரு சிப்புக்கும் கொஞ்சம் வேறுபடும், உற்பத்தியில் வந்த வித்தியாசம். இசையமைப்பாளர் தன் வீட்டில் பளிச்சென்று கேட்டு வைத்த பாட்டு, அடுத்த வீட்டுக் கணினியில் கம்பளி போர்த்தியது மாதிரி மங்கலாகக் கேட்கும். இரண்டு வீணை ஒரே மாதிரி இருக்காது என்பார்கள். சிலிக்கானிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது!

4. வாணி

ஒரு சந்தேகம். மூன்றே குரல் என்கிறீர்கள். மெலடி, பேஸ், டிரம் என்று மூன்றும் போய்விட்டால் கார்ட்ஸ் (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) எங்கிருந்து வரும்? பழைய விளையாட்டுப் பாட்டுகளில் கார்ட்ஸ் கேட்கிறதே?

5. கருவிப்பித்தன்

வாணி, நீங்கள் தொட்டது உயிர்நாடி.

ஐரோப்பியக் கமடோரில் பாட்டை ஓட்டும் நிரல் டிவி திரையோடு சேர்ந்து விநாடிக்கு 50 முறை விழிக்கும். ஒவ்வொரு விழிப்பிலும் ஒரே குரலை ச, க, ப என்று மாற்றிக்கொண்டே இருந்தால், மூன்று சுரமும் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 60 மில்லிவிநாடிதான் ஆகும். காது அதைத் தனித்தனிச் சுரமாகப் பிரிக்க முடியாமல் திணறி, மினுமினுக்கும் ஒரு கார்டாக எடுத்துக்கொள்கிறது. சிப் இசை என்றதும் நம் காதில் ஓடும் அந்த "ப்ரர்ர்ரிங்" இதுதான். இல்லாத நான்காம் குரலுக்காகச் செய்த சமாளிப்பு, பிறகு ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்று ஆயிரம் குரல் உள்ள மென்பொருளில் இருப்பவர்களும் வேண்டுமென்றே அதைச் செய்கிறார்கள்.

டிரம்முக்கும் இதே தந்திரம்தான். முதல் விழிப்பில் இரைச்சல் அலை, அடுத்ததில் சட்டென்று இறங்கும் துடிப்பலை, அடுத்த கணம் அதே குரல் பேஸ் வாசிக்கப் போய்விடும். ஒரே ஆள் மூன்று கையால் வாசிப்பது மாதிரி. கமடோர் விளையாட்டுகளுக்கு இசையமைத்த ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே, பென் டாக்லிஷ் மூவரையும் வரிசையாகக் கேளுங்கள், ஒரே சிப்பில் மூன்று கைநடை தெரியும்.

இன்னொன்று, சிப்பின் குறையே கருவியான கதை. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க 16 படி உள்ள ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. 6581-ல் அதை மாற்றும்போதெல்லாம் சின்னதாக "டிக்" என்று கேட்கும். அந்த டிக்கையே வேகவேகமாக அடுக்கிப் பதிவு செய்த டிரம், மனிதக் குரல் வரைக்கும் ஒலிக்க வைத்துவிட்டார்கள். பிறகு வந்த 8580 சிப்பில் அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்கள். விளைவு, பழைய பாட்டுகளின் டிரம் புதிய கணினியில் கிட்டத்தட்டக் காணாமல் போனது.

6. நான்குதடம்

இரண்டு பேரும் கமடோர் 64, அட்டாரி என்றே அடித்துக்கொள்கிறீர்கள். கமடோரின் இன்னொரு கணினியான அமிகாவை யாருமே கூப்பிடவில்லையே?

இசையை மாற்றியது யார் என்பதுதான் கேள்வி என்றால் என் ஓட்டு அமிகாவுக்கு. அதன் பாவ்லா சிப்பில் நான்கு தடம், 8 பிட். எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து உள்ளே போட்டு வாசிக்கலாம். 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகாவுக்கு அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற பாட்டுக் கட்டும் மென்பொருளை எழுதினார். (அதற்கு முந்தின வருஷம் கிறிஸ் ஹுல்ஸ்பெக் கமடோர் 64-க்கு சவுண்ட்மானிட்டர் எழுதியிருந்தார். ஒரு ஜெர்மன் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எண்களாக அச்சாகி, வாசகர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து எடுத்துக்கொண்ட நிரல் அது.) டிராக்கர் என்று அழைக்கப்படும் இந்த வகை மென்பொருளில் பாட்டு மேலிருந்து கீழே ஓடும். நான்கு பத்தி, 64 வரி. பார்த்தால் கணக்குப் பேரேடு மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு. டிராக்கரில் எதையும் மாற்றாமல் தொடங்கினால் வேகம் 125 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 125 தாளம். ஏன் 125? டிவி விநாடிக்கு 50 முறை துடிக்கிறது. ஒரு வரிக்கு 6 துடிப்பு. நான்கு வரி ஒரு தாளம். 50-ஐ 6-ஆல் வகுத்து, பிறகு 4-ஆல் வகுத்து, 60-ஆல் பெருக்குங்கள். சரியாக 125. ஐரோப்பிய டிவியின் துடிப்பு அப்படியே நடன இசைக்குத் தோதான வேகத்தில் வந்து நிற்கிறது. அமெரிக்க டிவியின் 60-ஐப் போட்டால் 150 வரும். ஒரு படுக்கையறையில் பையன் ஒருவன் மென்பொருளைத் திறந்ததுமே அவன் காலடியில் தாளம் தயாராக இருந்தது.

கார்ட்ஸ் விஷயத்திலும் இங்கே வேறு வழி. நான்கு தடம்தான் என்பதால் முழு கார்டையும் ஒரே சாம்பிளாகப் பதிவு செய்துவிடுவார்கள். அதை மேலே கீழே நகர்த்தினால் எல்லாச் சுரமும் கோடு போட்டது மாதிரி இணையாகவே நகரும். ரேவ் பாட்டுகளில் வெட்டி வெட்டி வரும் அந்தக் கார்டுகள் இந்த மாதிரி வந்தவைதான்.

1992-ல் அர்பன் ஷேக்டவுன் குழுவின் பாட்டு அமிகாவில் செய்து பிரிட்டிஷ் பட்டியலுக்குள் நுழைந்தது. அதில் இருந்த ஒருவர் அஃப்ரடைட்டி என்ற பெயரில் டிரம் அண்ட் பேஸ் செய்தபோதும் இரண்டு அமிகா 1200, ஆக்டாமெட் மென்பொருள். கால்வின் ஹாரிஸின் முதல் ஆல்பம் 2007. அதுவும் அமிகா, ஆக்டாமெட்.

7. கூடத்துக்காரர்

அமிகா கணக்கு அருமை. இத்தனை வருஷம் 125-ஐப் பார்த்திருக்கிறேன், எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை.

8. வடகடல்

வணக்கம், நான் இருக்கிறது ஜேர்மனியில. உங்கட கதையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

மின்தாளம் அண்ணை, கமடோரின்ர பேரில குழு இல்லை எண்டு சொல்லுறியள். பேர் நேரா வரேல்லை, ஆனா வேற வழியால வந்திருக்கு. கமடோர் 64-ல கசெட்டில இருந்து ஏதும் ஏத்தவேணும் எண்டா திரையில ஒரு வரி வரும்: "பிரஸ் ப்ளே ஆன் டேப்". டென்மார்க்கில அதே வரியைப் பேரா வைச்சு ஒரு குழு இருக்கு. கணினி படிச்ச ஆக்கள். கமடோர் விளையாட்டுப் பாட்டுகளை கிதார், டிரம்ஸ் வைச்சு றொக் பாட்டா வாசிக்கினம். அந்த வரியைப் பாத்து வளந்தவைக்கு மட்டும்தான் பேர் விளங்கும். மற்றவைக்கு அது சும்மா ஒரு வசனம்.

இஞ்ச ஜேர்மனியில வெல்ல எர்ட்பால் எண்டொரு குழு. பேர் 1920-களில வந்த ஒரு வானொலி நாடகத்தில இருந்து எடுத்தது. ஆனா அவை கமடோர் 64-ஐக் குழுவில ஒரு ஆளாவே கணக்கெடுக்கினம். பாடுறவை மாறியிருக்கினம், அது மாறேல்லை.

சுவீடனில மஷினே சுப்ரெமசி, 2000-ல தொடங்கினது. மெற்றல் குழு. சிட்ஸ்டேஷன் எண்ட கருவியைப் பாவிச்சினம், எலெக்ட்ரான் கொம்பனி பழைய சிட் சிப்புகளைப் போட்டுச் செய்த சிந்தசைசர் அது. அந்தக் கொம்பனி இண்டைக்கும் மின்னிசைக் கருவியள் செய்யுது. அவையின்ர முதல் பெட்டிக்குள்ள இருந்தது கமடோரின்ர நெஞ்சு.

அட்டாரி டீனேஜ் ரயட் பேரின்ர மற்றப் பாதியும் ஒரு பழைய பாட்டு. 1958-ல போர்ச்சுகீஸ் ஜோ பாடினது. அதுக்கு முன்னால அட்டாரியை ஒட்டிவிட்டினம்.

9. மின்தாளம்

வடகடல், இது எனக்குப் புதிது, நன்றி. சிகாகோவில் டிஆர்எஸ்-80 என்று அப்படியே கணினிப் பெயரிலேயே ஒரு மின்னிசைக் குழு இருந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது.

எல்லோரும் அடிக்கடி சொல்லும் ஒன்றைத் திருத்திவிடுகிறேன்: டொரன்டோவின் கிரிஸ்டல் காஸில்ஸ் குழு. 1983-ல் அட்டாரி வெளியிட்ட விளையாட்டின் பெயரும் அதுதான், அவர்கள் இசையிலும் பழைய விளையாட்டுச் சத்தம் இருக்கும். ஆனால் பெயர் வந்தது ஷீ-ரா என்ற கார்ட்டூன் நாயகியின் கோட்டையில் இருந்து.

10. நீதிக்காது

பெயரை விடுங்கள். சத்தத்தை எடுத்தவர்கள் கணக்கைப் பேசுவோம்.

1999-ல் ஜெர்மனியின் ஸோம்பி நேஷன் வெளியிட்ட கெர்ன்கிராஃப்ட் 400, இன்றைக்கும் விளையாட்டு மைதானங்களில் கூட்டம் கத்துகிற அந்த மெட்டு, டேவிட் விட்டேக்கர் 1984-ல் லேஸி ஜோன்ஸ் என்ற கமடோர் விளையாட்டுக்குப் போட்டது. பிரிட்டனில் 2-ம் இடம் வரை போனது. விட்டேக்கருக்குப் பிறகு பணம் கொடுத்துத் தீர்த்தார்கள்.

அடுத்தது அப்படி முடியவில்லை. 2000-ல் பின்லாந்தின் அசெம்பிளி என்ற கணினிக் கலை விழாவில் யானே சுனி என்பவரின் நான்கு தட அமிகா பாட்டு பரிசு வாங்கியது. நார்வேயைச் சேர்ந்த ஒருவர் அதை அனுமதியோடு கமடோர் 64-க்கு மாற்றினார். 2006-ல் டிம்பலாண்ட் தயாரித்த நெல்லி ஃபர்டாடோ ஆல்பத்தில் ஒரு பாட்டு வந்தது, கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஃப்ளோரிடாவில் வழக்கு. நீதிமன்றம் நகல் எடுத்தாரா இல்லையா என்ற கேள்விக்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமைப் பதிவு செய்யவில்லை என்று வழக்கைத் தள்ளியது. 2012-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. கமடோர் வடிவம் முதலில் வந்தது ஒரு ஆஸ்திரேலிய டிஸ்க் இதழில் (தாளில் அல்லாமல் கணினி வட்டில் வரும் இதழ்). அது இணையத்தில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியானதா, அப்படியானால் அமெரிக்கப் படைப்பாகக் கருத வேண்டுமா என்று வக்கீல்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கணினி இசைக்காரர்கள் காசு எதிர்பார்க்காமல் பாட்டுகளைப் பொதுவில் போட்டார்கள். அதை எடுத்துக்கொள்ள உரிமை என்று அர்த்தமா? எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

11. நான்குதடம்

நீதிக்காது, உங்கள் கோபம் நியாயம். ஆனால் எங்கள் பக்கமும் சுத்தமில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிராக்கர் காலத்தில் இன்னொருவர் பாட்டைத் திறந்தால் அதன் சாம்பிள் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கும். எடுத்து நம் பாட்டில் போட்டுக்கொள்வோம். அவற்றில் பாதி எந்த இசைத்தட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அப்படித்தான் எல்லோரும் கற்றோம். வித்தியாசம் என்னவென்றால், உள்ளுக்குள் யாருடைய சாம்பிள் என்று பெயர் எழுதி வைப்போம். அந்தப் பெயரைத்தான் 2006-ல் காணோம்.

12. ஒலிநாடா

ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை விட்டுவிட்டீர்கள். 1982, பிரிட்டன், 16 கேபி மாடல் 125 பவுண்டு. கமடோரைவிட மலிவு, வீட்டுக்கு வீடு இருந்தது. சத்தம்? ஒரே ஒரு பீப்பர். திற, மூடு, அவ்வளவுதான். அந்த ஒற்றை பிட்டை அசுர வேகத்தில் திறந்து மூடியே டிம் ஃபாலின் பல குரல் கேட்க வைத்தார் என்பது தனி அதிசயம்.

ஆனால் அதன் செல்வாக்கு வேறு பக்கம். நிரலும் பாட்டும் ஒரே ஒலிநாடாவில் வாழ்ந்த காலம் அது. 1983-ல் பாடகர் பீட் ஷெல்லி தன் ஆல்பத்தின் கடைசியில் ஸ்பெக்ட்ரம் நிரலை ஒலியாகவே பதித்தார். கணினியில் ஏற்றினால் பாட்டோடு வரிகளும் படமும் ஓடும். அதே வருஷம் கிறிஸ் சீவி தன் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஸ்பெக்ட்ரமுக்கு முந்திய ஸெட்எக்ஸ்81 கணினியின் நிரல்களை வைத்தார். 2017-ல் ரேடியோஹெட் தங்கள் 1997 ஆல்பத்தைப் புதுப்பித்து வெளியிட்ட பெட்டியில் இருந்த கசெட்டிலும் ஒரு ஸ்பெக்ட்ரம் நிரல் ஒளிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்தும் அந்தக் கீச்சுச் சத்தத்தை ரசிகர்கள் அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

13. கருவிப்பித்தன்

சத்தமே இல்லாத கணினி பாடிய கதை ஒன்று, எல்லாவற்றுக்கும் முந்தியது. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில் ஸ்டீவ் டாம்பியர் ஆல்டேர் 8800-ஐக் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் கிடையாது, திரை கிடையாது. பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். கணினி ஓடும்போது எழும் மின் இரைச்சலை ரேடியோ பிடிக்கும். அந்த இரைச்சலைச் சுரமாக ஒழுங்குபடுத்தி பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். அவையே எழுந்து கைதட்டியது.

14. வாணி

எல்லோர் பதிவையும் படித்தபின் மின்தாளத்தின் முதல் கேள்விக்கு எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

அரியக்குடி, செம்மங்குடி, திருவாவடுதுறை என்று நம் வித்வான்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுகிறோம். அந்த ஊர் அவர்கள் பாட்டில் கேட்கிறதா? சுரத்தில் ஊர் இருக்காது. ஆனால் அந்த ஊர் இல்லாமல் அந்த ஆள் இல்லை. பெர்லின்காரர்கள் அட்டாரியைப் பெயரில் வைத்தது இந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. அவர்கள் வந்த ஊர் அது. கமடோர்க்காரர்களுக்குப் பெயரில் ஊரைச் சொல்லத் தேவையே இல்லை. வாயைத் திறந்ததும் பேச்சு வழக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

15. கூடத்துக்காரர்

வாணி அம்மா, இதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்றே ஒன்று மட்டும். அந்த இரண்டு ஊருக்கும் ஒரே ஆள்தான் மணியக்காரர். கமடோரைத் தொடங்கிய ஜாக் டிராமியல் 1984-ல் அங்கிருந்து வெளியேறி, அதே வருஷம் அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கி, எஸ்டி-யை வெளியே கொண்டுவந்தார். கமடோர் 64 வந்தபோது விலை 595 டாலர். 1 எம்பி நினைவகத்தோடு 1986-ல் வந்த 1040 எஸ்டி 999 டாலர். அதே காலத்தில் பெரிய கூடங்களில் இருந்த ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியின் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். விலையை மறந்துவிட்டு சத்தத்தை மட்டும் பேசக்கூடாது.

16. ஒலிநாடா

விலைதான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் மலிவான ஸ்பெக்ட்ரமில் இருந்துதான் அதிக நடன இசை வந்திருக்க வேண்டும். வரவில்லையே ஐயா.

17. கூடத்துக்காரர்

அது உண்மை. யோசிக்கிறேன்.

18. மின்தாளம்

எழுதுபலகை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கமடோர் கட்சியில்தான் இன்னும் இருக்கிறேன், ஆனால் வாணி சொன்ன ஊர்க் கணக்கு என்னை அசைத்துவிட்டது.

வடகடல், கருவிப்பித்தன் இருவருக்கும் ஒரு வேண்டுகோள். லேஸி ஜோன்ஸ் விளையாட்டில் அறைக்கு அறை ஒரு மெட்டு மாறும். நாளை ராத்திரி அதை 6581-லும் 8580-லும் மாற்றி மாற்றிக் கேட்கப் போகிறேன். ஹப்பர்ட் பாட்டுகளில் ஃபில்டர் வித்தியாசம் நன்றாகத் தெரியும் ஒன்றிரண்டு சொல்லுங்கள், அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

19. வடகடல்

கால்வேயில இருந்து தொடங்குங்கோ அண்ணை. ஹெட்ஃபோனில கேளுங்கோ.